புருவம் இல்லாத குருவி

சாரதாமணி அக்காவோடு பழக வேண்டுமென்றால் முதலில் தோற்றுப் பழக வேண்டும். மழை வருமா வராதா, ரசத்துக்குப் புளி எவ்வளவு, எந்த டயர் நாள்பட உழைக்கும் என்று எதைப் பற்றிப் பேசினாலும் கடைசிப் பேச்சு அவருடையதுதான். நானும் லேசில் விடுகிற ஆள் இல்லை. நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க டிரைவர்களோடும் மெக்கானிக்குகளோடும் மல்லுக்கட்டித் தேறிய வாய் என்னுடையது. அந்த வாய் அக்காவிடம் மட்டும் செல்லாது.

அவருடைய ஊர் ராசிபுரம் பக்கம். ஊரின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அங்கே இருக்கும் ஒரே டீக்கடையில் எனக்கு டீ கிடைக்காது. அந்த ஊரைச் சுற்றிலும் மரவள்ளிக் காடு, காட்டுக்கு நடுவே சேகோ மில்கள். கிழங்கை அரைத்துப் பால் எடுத்து ஜவ்வரிசி ஆக்கிய பிறகு சக்கை மிஞ்சும் இல்லையா, அதற்குத் திப்பி என்று பெயர். மில்லிலிருந்து ஈரத் திப்பியை வாங்கி, சிமெண்ட் களத்தில் பரப்பி, காயவைத்து, மாட்டுத்தீவனத்துக்கு விற்பது அக்காவின் தொழில். களம் அவர் பெயரில் இருக்கிறது. கணவர் மயில்சாமி அண்ணன் போர்வெல் ரிக் வண்டியோடு ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று வருஷம் முழுக்க அலைந்துகொண்டிருந்த காலத்தில், தானே திப்பி வியாபாரம் பார்த்து அக்கா வாங்கிய இடம் அது. இதை அவர் வாரத்துக்கு ஒருமுறையாவது யாரிடமாவது சொல்லாமல் இருக்க மாட்டார்.

குருவி பார்க்கும் பழக்கம் முழங்கால் வலியால் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு பலகை தள்ளித் திப்பியைக் கிளறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சும்மா படுத்திருக்கச் சொன்னால் கேட்கிற பிறவியா? களத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆடு மாடு விரட்டத் தொடங்கினார். ஈரத் திப்பியில் ஈ மொய்க்கும், புழு வைக்கும். புழுவுக்குக் குருவி வரும். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் சண்முகப்பிரியா ஏதோ ஆசையில் வாங்கி, ஆசை தீர்ந்ததும் வீட்டில் போட்டுவிட்டுப் போன கேமரா ஒன்று இருந்தது. தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டுகிற ரகம். கால் சரியானபோது அக்காவுக்கு வாலாட்டிகளில் எத்தனை வகை என்று தெரிந்திருந்தது. அதற்கடுத்த பனிக்காலத்தில் எங்கள் பறவை பார்க்கும் குழுவில் சேர்ந்தார். சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே ஏரிக்கரையில் எங்களைப் பார்த்து, "குருவி பாக்க வந்தீங்களா, கல்யாணத்துக்கு வந்தீங்களா? வாயை மூடுங்க சாமி" என்றார். அன்று முதல் நான் அவருடைய ரசிகன்.

இப்போது கதிர்க்குருவிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மனிதனை அவமானப்படுத்துவதற்கென்றே பிறந்த ஜாதி அது. மீன்கொத்தியையும் மயிலையும் எந்த மடையனும் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். இவை அப்படி இல்லை. எல்லாமே காய்ந்த மண்ணின் நிறம். இலைக்குப் பின்னால் நின்றுகொண்டு "செக்" என்று ஒரு சத்தம் போடும், நாம் கேமராவைத் தூக்குவதற்குள் அடுத்த புதருக்குப் போய்விடும். பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வருகிறவை, வருஷம் முழுக்க இங்கேயே கிடப்பவை என்று எல்லாம் கலந்து நிற்கும். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் குருவி பார்ப்பதை விட்டுவிட்டுப் பட்டாம்பூச்சிக்குப் போய்விடுகிறார்கள்.

அக்கா விடவில்லை. "மொதல்ல மூஞ்சியப் பாருங்க. புருவம் இருக்குதா இல்லியா?" என்பார். கண்ணுக்கு மேலே வெளிறிய கோடு ஒன்று ஓடும், அதைத்தான் புருவம் என்கிறார். வேலியோரத்தில் சதா திட்டிக்கொண்டே திரியும் பிளித் கதிர்க்குருவிக்குப் புருவம் உண்டு, ஆனால் கண்ணைத் தாண்டியதும் கரைந்துவிடும். வயல்வெளிக் கதிர்க்குருவிக்குப் புருவம் நன்றாக எடுப்பாக இருக்கும், அதற்கு மேலே மை தீட்டியது போல ஒரு கறுப்பு விளிம்பும் இருக்கும். பெரிய நாணல் கதிர்க்குருவி ஆள் பெரிது, அலகு நீளம், தொண்டை பெரிது. தண்ணீரில் வளரும் சம்புக் கோரைக் காட்டுக்குள் நின்று பஸ் ஸ்டாண்டில் சீட்டுப் பிடிக்கிறவர்கள் போலக் கத்தும். அதற்கும் புருவம் உண்டு. இந்தக் கூட்டத்தில் புருவமே இல்லாத ஒன்றும் இருக்கிறது. தடித்த அலகுக் கதிர்க்குருவி. சைபீரியாவிலிருந்து வருவது. உருவத்தில் நாணல் கதிர்க்குருவி அளவுதான். அலகு மட்டும் கட்டையாக, கனமாக இருக்கும். கண்ணுக்கு மேலேயும் ஒன்றும் இல்லை, குறுக்கேயும் ஒன்றும் இல்லை, வெறும் முகம். மலைப்பக்கத்தில் எப்போதாவது பார்த்ததாகச் சொல்வார்கள். எங்கள் சமவெளியில் எங்கள் குழுவில் ஒருவரும் பார்த்ததில்லை.

அக்காவின் களத்தை ஒட்டி ஓர் ஓடை போகிறது. மில் தண்ணீரும் மழைத் தண்ணீரும் தேங்கி, ஓடை வளையும் இடத்தில் ஆள் உயரத்துக்குச் சம்பு மண்டிக் கிடக்கும். நாறும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நாற்றத்துக்குள்தான் அக்காவின் குருவிகள் எல்லாம் இருந்தன. அந்த வளைவை மண் கொட்டி மூடி லாரிகள் நிறுத்த இடம் செய்வது என்று போன வருஷம் ஊராட்சியில் முடிவானது. கிழங்கு வண்டிகள் ரோட்டில் வரிசை கட்டி நிற்கின்றன, இடம் வேண்டும் என்றார்கள். அதில் பொய் இல்லை. மண் வண்டிகள் ஓடைக்குப் போக அக்காவின் களம் ஒன்றுதான் வழி, மற்ற பக்கமெல்லாம் பள்ளமும் பயிரும். ரிக்கை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்ட மயில்சாமி அண்ணன், வழி விடுவதாக ஊராட்சித் தலைவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார்.

"களத்து வாசல் வரைக்கும் லாரி வருமுங்க தம்பி. மூட்டைய முதுகுல சுமக்கற வேலையே இல்ல. இவ என்னடான்னா சம்புக்கு வக்காலத்து வாங்கறா" என்று அவர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

"மூட்டைய நீங்க என்னிக்குச் சுமந்தீங்க? நானும் ஆளுங்களும்தான சுமக்கறோம்? எங்களுக்கு வலிக்கலீங்க" என்றார் அக்கா உள்ளேயிருந்து.

ஊராட்சியில் போய்க் கேட்டார், தாலுகா அலுவலகத்தில் போய்க் கேட்டார். மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டார். "பைப்பு போடுவோம்" என்றார்கள். குருவி எங்கே போகும் என்று கேட்டார். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை என்னிடம் வந்து அப்படியே சிரித்துக் காட்டினார். 

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் எங்கள் குழுவின் வாட்ஸப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. சம்புத் தண்டைப் பிடித்துக்கொண்டு ஒரு குருவி. உடம்பில் பாதியும் வாலும் தோகைக்குப் பின்னால் மறைந்திருந்தன. முகம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. கட்டையான அலகு. புருவம் இல்லை. கண்ணில் கோடு இல்லை. கீழே அக்கா எழுதியிருந்தது ஒரே வரி: "வெறும் மூஞ்சி. சொல்லுங்க பாக்கலாம்."

நான் கடையை அப்படியே பையனிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். சேலத்திலிருந்து பேராசிரியர் தீனதயாளன் வந்தார். விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், எங்கள் குழுவுக்குப் பெரியவர், அவசரப்பட்டு எதையும் சொல்லாதவர். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"தடித்த அலகு மாதிரிதான் இருக்கு. சம்புக்குள்ள நிக்கறதுதான் யோசனையா இருக்கு. அதுக்குப் புதர்தான் பிடிக்கும். வால் தெரிஞ்சிருந்தா இன்னும் உறுதியாச் சொல்லலாம்" என்றார்.

"மூஞ்சி தெரியுதுல்லங்க சார். ஆளைச் சொல்ல மூஞ்சி போதாதுங்களா?" என்றார் அக்கா.

சொன்னேனே, அவரோடு வாதாட முடியாது. பேராசிரியரும் கடைசியில் சரி என்று சிரித்துவிட்டார். அவருக்கும் அது தடித்த அலகாக இருக்க வேண்டும் என்று ஆசை. எனக்கும் ஆசை. எங்கள் ஆசை எல்லாம் சேர்ந்து ஒரு மனுவாயிற்று. அரிய வலசைப் பறவை தங்கும் இடம், மண் கொட்டக் கூடாது என்று எழுதி, கண்டவர் என்ற இடத்தில் அக்கா கையெழுத்துப் போட்டார். ஒரு பத்திரிகையில் மூலையில் செய்தி வந்தது. மேலிடத்திலிருந்து அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பார், அதுவரை வேலையை நிறுத்தி வையுங்கள் என்று ஊராட்சிக்கு உத்தரவு வந்தது. அந்த வாரம் அக்கா ஊருக்குள் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தேர் போகிற நடை.

அதிகாரி வருவதற்கு இரண்டு நாள் முன்னால் அக்கா போனில் கூப்பிட்டார். "தம்பி, சாரையும் கூட்டீட்டுக் களத்துக்கு வாங்க" என்றார்.  ஒரே வரியில் அவர் பேச்சை முடித்தது அதுதான் முதல் தடவை.

நாங்கள் போனபோது களத்தின் ஓரத்தில் அக்கா நின்றிருந்தார். வேலையைப் பாதியில் விட்ட கையோடு, இரண்டு கைகளையும் எங்கள் முன்னால் நீட்டினார். ஈரத் திப்பி விரல்களில் அப்பிக் காய்ந்து, ஒவ்வொரு விரலும் ஒன்றரை விரல் தடிமனில் வெளிறிக் கிடந்தது. அந்தக் காய்ந்த பசை லேசில் போகாது. சாப்பிடுவதற்கு முன் தண்ணீரில் ஊறவைத்துத்தான் உரிப்பார்கள்.

"என்ற கை எவ்வளவு தடிமனுங்க சார்?" என்று கேட்டார்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கேமராவை எடுத்துக் காட்டினார். காலையிலிருந்து அவர் எடுத்த படங்கள். முதல் படத்தில் அந்தக் குருவி களத்தின் ஓரத்தில் ஈரத் திப்பிக்குள் நெற்றி வரை முகத்தைப் புதைத்துப் புழு தேடிக்கொண்டிருக்கிறது. அடுத்ததில் வெயிலில் உட்கார்ந்திருக்கிறது. அலகைச் சுற்றியும் நெற்றியிலும் கண்ணோரத்திலும் பசை காய்ந்து, கட்டை அலகும் வெறும் முகமுமாக, எங்கள் மனுவில் இருந்த அதே சைபீரியாக்காரன். அதற்கடுத்ததில் ஓடைத் தண்ணீரில் குளிக்கிறது. கடைசிப் படத்தில் சம்பின் உச்சியில் நின்று சிறகை உலர்த்துகிறது. நீளமான மெல்லிய அலகு. கண்ணுக்கு மேலே அழகான வெளிறிய புருவம். பெரிய நாணல் கதிர்க்குருவி. எல்லாப் படத்திலும் வலது காலில் நடுவிரல் நகம் இல்லை. முதன்முதலில் எங்களைக் கூத்தாட வைத்த படத்திலும் தண்டைப் பிடித்திருந்த காலில் அந்த நகம் இல்லை.

"இத்தன வருசமா இந்தப் பசைய உரிச்சுட்டுத்தான் சோறு திங்கறேன். எனக்கே தோணலியே தம்பி. ஊர்ல எல்லாத்து கையும் இப்புடியே இருக்கறதால அது கண்ணுலயே படறதில்ல" என்றார். முகம் செத்துப்போயிருந்தது.

பேராசிரியர் வெகுநேரம் படங்களையே பார்த்தார். "ஆசைப்பட்டுட்டோம்மா. நீ மட்டுமில்ல, நானுந்தான்" என்றார். பிறகு மெதுவாக, "இப்ப உடனே எதையும் சொல்ல வேண்டாம். அதிகாரி வந்து பார்த்துட்டுப் போகட்டும். நாம பொய் சொல்ல வேண்டியதில்ல, பேசாம இருந்தாப் போதும். பறவைப் பதிவுகளைச் சரிபார்க்கற நிபுணர்கள் அவங்க பாட்டுக்கு நிதானமாச் சரிபார்த்துச் சொல்லட்டும். அதுக்குள்ள ஓடை தப்பிச்சிரும்" என்றார்.

எனக்கு அது மிக நியாயமாகப் பட்டது. இப்போதும் பாதி நியாயமாகத்தான் படுகிறது. எதிரே நிற்பவர்கள் அரிச்சந்திரன்களா? குழாய் போடுவோம் என்று அவர்கள் சொன்னதை நம்பச் சொல்கிறார்களே, அது மட்டும் என்ன வேதமா? நான் அக்காவிடம் அதைத்தான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"நாளன்னிக்கு அந்த அதிகாரி வந்து நிக்கறப்ப இது மூஞ்சி கழுவீட்டு முன்னால வந்து உக்காந்துதுன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"அதெல்லாம் அவருக்குத் தெரியாதுக்கா."

"எனக்குத் தெரியுமுங்களே."

"உங்க வாயாலயே ஓடையை மூடப் போறீங்க."

"மூடறவன் மூடட்டும். மண்ணக் கொட்டறது அவனா, நானா? என்ற தலையில எதுக்குக் கட்டறீங்க?" என்று பாய்ந்தார். பிறகு குரல் இறங்கிச் சொன்னார்: "இந்தக் குருவி வருசம் பூராம் இங்கயே கெடக்குது தம்பி. போன ஆனியில இதே சம்புலதான் கூடு கட்டிக் குஞ்சு பொரிச்சுது, படம் எடுத்து வெச்சிருக்கறன். அப்ப உங்க யாருக்கும் அது பெருசாத் தெரியல. மூஞ்சில மாவு பூசீட்டு வந்தப்பறந்தான் கையெடுத்துக் கும்பிடறீங்க. நானும் கும்பிட்டன். எனக்கே வெக்கமா இருக்குது."

நான் கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

அதிகாரி வந்த காலையில் களத்தில் நல்ல கூட்டம். தலைவர், வார்டு உறுப்பினர்கள், லாரிக்காரர்கள், எங்கள் குழு, வேடிக்கை பார்க்கிறவர்கள். மயில்சாமி அண்ணன் தலைவர் பக்கத்தில் வெள்ளை வேட்டியோடு நின்றிருந்தார். அதிகாரி நல்ல மனிதர், ஓடை நாற்றத்துக்குக் கைக்குட்டையைக்கூட எடுக்கவில்லை. "எங்கம்மா அந்த அபூர்வப் பறவை?" என்று ஆர்வமாகக் கேட்டார்.

"அப்புடி ஒண்ணும் இங்க இல்லீங்க. நான் தப்பாச் சொல்லீட்டனுங்க" என்றார் அக்கா.

படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். திப்பியைக் காட்டினார், தன் விரல்களைக் காட்டினார். எங்கள் குழுவில் இருந்த பலருக்கு அங்கேதான் விஷயமே தெரிந்தது. பின்னாலிருந்து யாரோ "ஐயோ" என்றார்கள். பேராசிரியர் மட்டும் முன்னால் வந்து, "அந்தம்மா சொல்றது சரிதான் சார், நானும் தவறா உறுதிப்படுத்திட்டேன்" என்றார்.

தலைவருக்கு வாயெல்லாம் பல். மயில்சாமி அண்ணன் தோளைத் தட்டி, "கடைசீல மாவு பூசுன குருவியா? உங்க ஊட்டம்மா நம்மளுக்குத்தான் சாட்சி சொல்லீருச்சப்பா!" என்று சிரித்தார். சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன்.

"அப்பறம் என்னங்க, மண்ணக் கொட்டலாமா?" என்றார் தலைவர்.

"எதுக்குக் கொட்டோணும்?" என்று அக்கா திரும்பினார். சிரிப்பு நின்றது. "சைபீரியாவுல இருந்து ஒண்ணு வந்துதுன்னு சொன்னன், உடனே வேலைய நிறுத்தீட்டு வண்டி போட்டுட்டு வந்தீங்க. அது விருந்துக்கு வந்த ஒரம்பரை. நாலு மாசம் இருந்துட்டுப் போயிரும். இது இங்கயே பொறந்து இங்கயே கெடக்கறது. ஒரம்பரைக்கு எடம் உடுவீங்க, ஊட்டுக்காரன ஊட்ட உட்டுத் தொரத்துவீங்களா? இது எந்த ஊரு நாயமுங்க? அபூர்வமா இருந்தாத்தான் உசுரோட இருக்கலாமுன்னா, இங்க நிக்கற நம்ம அத்தன பேரும் என்னங்க அபூர்வம்?"

 "நீங்க சொல்றது எனக்குப் புரியுதும்மா. ஆனா அரிய பறவைங்கற காரணத்தாலதான் நிறுத்தினது. அது இல்லேன்னா, தொடர்ந்து நிறுத்தி வைக்க என் கையில ஒண்ணுமில்ல. நீங்க புதுசா மனுக் கொடுங்க" என்றார் அதிகாரி.

"குடுக்கறனுங்க. நாணல் கதிர்க்குருவீன்னே எழுதிக் குடுக்கறன். மாவு இல்லாம" என்றார் அக்கா.

அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் குழுவில் பாதிப் பேர் அவரைக் கரித்துக் கொட்டிவிட்டார்கள். களத்துக்கு லாரி வரும் ஆசையில் விலை போய்விட்டார் என்றுகூட ஒருவர் எழுதினார். அதைப் படித்ததும் அக்காவின் மேல் எனக்கிருந்த கோபம் அப்படியே அந்த ஆள்மேல் திரும்பிவிட்டது. அவருக்கு நான் என்ன பதில் எழுதினேன் என்பதை இங்கே எழுதினால் அச்சில் வராது.

இரண்டாம் நாள் காலை முதல் டிப்பர் லாரி மண்ணோடு வந்தது. அக்கா சொல்லி நானும் போயிருந்தேன். ஓட்டி வந்தவன் பச்சமுத்து, ஆத்தூர்ப் பக்கத்துப் பையன், என் கடைக்கு வருகிறவன்தான். களத்து வாசலில் வண்டி நின்றது. கதவு திறந்தே இருந்தது. அக்கா மறிக்கவில்லை, கூச்சல் போடவில்லை. களத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஈரத் திப்பியைப் பரப்பி வைத்துவிட்டு, நடுவில் பலகை தள்ளிக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். களத்தில் காய்கிற பொருள் எதுவானாலும், சோளமோ கடலையோ மாட்டுக்குப் போகிற திப்பியோ, அதன்மேல் யாரும் செருப்புக் காலை வைக்க மாட்டார்கள். டயர் ஏற்றுவது என்பது நினைத்தே பார்க்க முடியாத காரியம். வாயில்லாத ஜீவன் தின்கிற பொருள் அது. ரோட்டில் சோளத்தைப் பரப்பிவைத்தால் பஸ்ஸே ஒதுங்கிப் போகிற ஊர் இது.

பச்சமுத்து இறங்கி வந்து ஓரத்தில் நின்றான். "அக்கா, வண்டி உள்ள போவணும்."

"போப்பா. கதவு தொறந்துதான கெடக்குது?"

"திப்பி பரப்பியிருக்கீங்களேக்கா."

"திப்பிக் களத்துல திப்பியப் பரப்பாம வேற என்னத்தப் பரப்பறது?"

அவன் தலையைச் சொறிந்தான், போன் பேசினான், திரும்பிப் போனான். மறுநாளும் வந்தான், திப்பியின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தான், போனான். தலைவர் மயில்சாமி அண்ணனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டிருக்கிறார். வாக்குக் கொடுத்த மனிதர், ஊருக்குள் தலையைக் குனிய வேண்டியதாயிற்று. வீட்டில் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. தட்டை வைக்கும் சத்தத்தில்தான் சண்டை நடந்ததாம், அக்காவே சொன்னார்.

அதற்கடுத்த நாள் நல்ல வெயில். திப்பி சருகு போலக் காய்ந்துவிட்டது. காய்ந்தால் அள்ளி மூட்டை கட்டியாக வேண்டும், அப்புறம் களம் காலி. மில்லில் அந்த வாரம் அரவை இல்லை, புதிதாக ஈரத் திப்பி வாங்கிப் பரப்ப வழி இல்லை. இது அக்காவுக்கும் தெரியும், தலைவருக்கும் தெரியும். அன்றைக்கு ஒன்றுக்கு மூன்று டிப்பர்கள் வந்து வாசலில் நின்றன. பச்சமுத்து குனிந்து ஒரு பிடி எடுத்து நொறுக்கிப் பார்த்தான்.

"காஞ்சிருச்சுக்கா. அள்ளிருங்க. நாங்களும் கூட அள்ளித் தர்றோம்" என்றான். பாவம், அவனுக்கும் அது பிடிக்கவில்லை.

அக்கா பலகையைப் பிடித்தபடி நின்றார்.  பதில் இல்லாமல் அவர் நின்று நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான். 

அப்போது மயில்சாமி அண்ணன் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். டிப்பர்களைப் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. நேராக மோட்டார் ரூமுக்குப் போய்ச் சுவிட்சைப் போட்டார். ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு களத்துக்கு நடுவில் வந்து, காய்ந்து கிடந்த திப்பியின் மேல் தண்ணீரைப் பீய்ச்ச ஆரம்பித்தார்.

"ஏனுங்க! காஞ்ச சரக்க நனைச்சாப் புளிச்சுப் போயிருமுங்க. ஒருத்தனும் வாங்க மாட்டான்" என்று அக்கா பதறினார்.

"புளிக்கட்டும் புள்ள." அவர் குழாயை நிறுத்தவில்லை. "ரிக்குல நீரோட்டம் பாத்துச் சொல்றவனுங்க எத்தன பேத்தப் பாத்திருக்கறன். உள்ள பாறைன்னு தெரிஞ்சாலும் தண்ணி இருக்குது, இன்னுங் கொஞ்சம் போடுங்கன்னுதான் சொல்லுவானுங்க. அத்தன பேரு முன்னால நின்னு, இல்லீங்க, நான் சொன்னது தப்புங்கன்னு ஒருத்தன் சொல்லி நான் கேட்டதில்ல. நீ சொன்ன. அதுக்கு அவனுக சிரிக்கறானுங்க, என்ற தோளத் தட்டிச் சிரிக்கறானுங்க."

 அக்கா பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு, குழாய் மடங்காமல் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். தண்ணீர் களத்தின் நான்கு மூலைக்கும் போனது. பச்சமுத்து வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பச்சமுத்து, பாத்துட்டே நிக்கற? போயி உங்க தலைவர்கிட்டச் சொல்லு. மயில்சாமி பொண்டாட்டி களத்துல இன்னும் ஈரம் காயலீன்னு சொல்லு. நாளைக்குக் கேட்டாலும் அதையே சொல்லு" என்றார் அண்ணன்.

மூன்று டிப்பர்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் நகர்ந்தன. மண் பாரத்தோடு அந்தச் சின்ன ரோட்டில் வண்டியைத் திருப்ப அவர்களுக்கு வெகுநேரம் ஆனது.